முதல் திகில் கேம் செய்யப் போகிறீர்களா? பேயைக் கடைசியில் செய்யுங்கள்

என் முதல் திகில் கேமை முடிக்க 14 மாதம் ஆனது. அதில் 5 மாதத்தைப் பேயே தின்றுவிட்டது. தோலில் சுருக்கம், நகத்தில் அழுக்கு, கண்ணில் ஈரம் என்று ஒவ்வொன்றாகச் செதுக்கினேன். எல்லாம் முடிந்தபின் ஒரு நண்பனை உட்கார வைத்து விளையாடச் சொன்னேன். பேய் வந்து எதிரில் நின்றதும் அவன் சிரித்துவிட்டான். "இதுவா? இது வர்றதுக்கு முன்னாடி அந்தக் காரிடார்ல நடந்தேன் பாரு, அப்பதான்டா உதறல் எடுத்துச்சு" என்றான். அந்தக் காரிடாரை நான் ஒரே மதியத்தில் செய்திருந்தேன்.

அந்தக் கேமைத் தூக்கி மூலையில் போட்டுவிட்டு, இரண்டாவதை 11 வாரத்தில் முடித்தேன். அதில் பேய் முழுதாகத் தெரிவது ஒன்றரை வினாடிதான். ஆனால் விளையாடியவர்களில் இரண்டு பேர் பாதியில் எழுந்து போய் அறை விளக்கைப் போட்டுவிட்டு வந்தார்கள். இரண்டு கேமுக்கும் நடுவில் என் திறமை ஒன்றும் கூடிவிடவில்லை. வேலைகளைச் செய்த வரிசைதான் மாறியது. அந்த வரிசையைத்தான் கீழே தருகிறேன். ஒரே ஆள், மாலை நேரத்தில் மட்டும் உட்கார்ந்து, 30 அல்லது 40 நிமிடக் கேம் ஒன்றைச் செய்கிறார் என்று வைத்துக்கொண்டு நாள் கணக்கைச் சொல்லியிருக்கிறேன்.

1. ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள் (2 நாள்)

கதை எழுத உட்காராதீர்கள். முதல் தடவை நான் 40 பக்கம் எழுதினேன். அந்த வீட்டில் யார், எப்போது, எப்படிச் செத்தார்கள் என்று மூன்று தலைமுறைக் கதை. விளையாடிய ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை.

ஒரு பக்கத்தில் நான்கு கேள்விகளுக்குப் பதில் இருந்தால் போதும். விளையாடுபவர் என்ன வேலையை முடிக்க வேண்டும்? அதை முடிக்க எந்தப் பாதுகாப்பை விட்டுக்கொடுக்க வேண்டும்? அவருக்குத் தெரியாமல் இருப்பது எது? மாட்டிக்கொண்டால் எதை இழப்பார்?

இதில் இரண்டாவது கேள்வியில்தான் கேமின் உயிர் இருக்கிறது. படம் பார்க்கும்போது "திறக்காதே, திறக்காதே" என்று திரையைப் பார்த்துக் கத்தலாம். கேமில் திறப்பதே நாம்தான். நாம் பொத்தானை அழுத்தாதவரை அந்தக் கதவு அப்படியேதான் இருக்கும். அதனால், செய்யாமல் இருக்கவும் முடியாது, செய்யவும் மனம் வராது என்ற இடத்தில் ஆளைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். 2010-இல் வந்த 'அம்னீஷியா: த டார்க் டிசென்ட்' இதை எப்படிச் செய்தது என்று பாருங்கள். இருட்டில் நின்றால் நாயகனுக்குப் புத்தி பேதலிக்கும். வெளிச்சத்தில் நின்றால் அங்கே திரியும் உருவங்களின் கண்ணில் படுவோம். விளக்குக்கு எண்ணெயும் குறைவு. 2001-இன் 'ஃபேட்டல் ஃப்ரேம்' கேமில் பேயை விரட்டக் கையில் இருப்பது ஒரு கேமரா. அடி பலமாக விழ வேண்டுமென்றால் பேய் முகத்துக்குக் கிட்டே வரும்வரை பொறுத்திருந்துதான் படம் எடுக்க வேண்டும். 2014-இல் வந்த 'ஃபைவ் நைட்ஸ் அட் ஃப்ரெடிஸ்' இன்னும் எளிமை: கதவை மூடினால் பிழைப்போம், ஆனால் மூடியிருக்கும் ஒவ்வொரு நொடியும் மின்சாரம் கரையும்.

என் இரண்டாவது கேமின் பக்கத்தில் இருந்த வாக்கியம் இது: "டார்ச் எரியும்போது ரீங்காரம் போடும், சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டுமானால் டார்ச்சை அணைக்க வேண்டும்." மற்ற எல்லாம் இதிலிருந்துதான் கிளைத்தன. உங்களுக்கும் அப்படி ஒரு வாக்கியம் வரும்வரை இரண்டாவது படிக்குப் போகாதீர்கள்.

2. என்ஜினைத் தேர்ந்தெடுத்துவிட்டு மறந்துவிடுங்கள் (1 நாள்)

என்ஜின் என்றால் கேமைக் கட்டி ஓட்டும் மென்பொருள். கோடோ என்ற என்ஜின் முழுக்க இலவசம், விற்றாலும் பங்கு கேட்காது. யூனிட்டியின் பெர்சனல் வகை, 12 மாத வருமானமும் நிதியும் சேர்த்து 2 லட்சம் டாலரைத் தாண்டாதவரை இலவசம். அன்ரியல், ஒரு கேம் மொத்தம் 10 லட்சம் டாலர் ஈட்டிய பிறகுதான் 5% பங்கு கேட்கும். முதல் கேமில் இந்த எல்லைகளைத் தொட்டுவிட்டால் அது நல்ல கவலை, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். உருவங்கள் செய்ய பிளெண்டர், ஒலி வெட்டி ஒட்ட ஆடாசிட்டி, இரண்டும் காசில்லாமல் கிடைக்கின்றன.

பாதியில் என்ஜினை மாற்றுவதுதான் இங்கே இருக்கும் குழி. "அதில் நிழல் இன்னும் அழகாக விழுகிறதாம்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு மாறப்போய் எனக்கு 6 வாரம் போனது. நிழல் அழகாகத்தான் விழுந்தது, யாரும் பயப்படவில்லை.

3. சாம்பல் பெட்டிகளால் இடத்தைக் கட்டுங்கள் (1 வாரம்)

நிறம் பூசாமல், மேசை நாற்காலி வைக்காமல், வெறும் பெட்டிகளை அடுக்கிச் சுவரும் கதவும் மட்டும் வையுங்கள். பெரிய மாளிகை வேண்டாம். 2014-இல் வெளியான 'பி.டி.' என்ற சின்ன டெமோவில் இருந்தது கிட்டத்தட்ட ஒரே ஒரு வளைந்த காரிடார்தான். கடைசிக் கதவைத் திறந்தால் மறுபடி தொடக்கத்துக்கே வந்து நிற்போம், ஏதோ ஒன்று மட்டும் மாறியிருக்கும். முதல் முறை நுழையும் அறையில் நாற்காலி சுவரைப் பார்த்தபடி இருந்தால் அது வெறும் அலங்காரம். இரண்டு முறை பார்த்துப் பழகிய நாற்காலி மூன்றாவது முறை சுவரைப் பார்த்தபடி இருந்தால் முதுகு சில்லிடும். ஆகவே, கேமின் பாதை ஒரே இடத்தைக் குறைந்தது மூன்று தடவை கடக்கும்படி வரையுங்கள். முதல் தடவை நல்ல வெளிச்சம் இருக்கட்டும், ஒன்றும் நடக்க வேண்டாம்.

கதவுகளுக்கு நேரம் செலவிடுங்கள். 1996-இல் வந்த முதல் 'ரெசிடென்ட் ஈவில்' கேமில் ஒவ்வொரு அறைக்கும் முன்னால் ஒரு கதவு மெதுவாகத் திறக்கும் காட்சி வரும். அடுத்த அறையை டிஸ்க்கிலிருந்து ஏற்றும் நேரத்தை மறைக்கச் செய்த ஏற்பாடு அது. ஆனால் அந்தச் சில நொடிக் காத்திருப்பிலேயே வயிறு கலங்கியது. 'அம்னீஷியா'வில் மவுஸைப் பிடித்து இழுத்துத்தான் கதவைத் திறக்க வேண்டும், வேண்டுமென்றால் ஒரு விரல் இடுக்கு மட்டும் திறந்து எட்டிப் பார்க்கலாம். இதை நான் வெட்கமில்லாமல் காப்பியடித்தேன். என் கேமில் ஒரு கதவு முழுதாகத் திறக்க இரண்டரை வினாடி பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும். விட்டால் பாதியில் நின்றுவிடும். பாதி திறந்த கதவைப் பார்த்தபடி அரை நிமிடம் அசையாமல் நின்றவர்கள் உண்டு. உள்ளே ஒரு காலி அலமாரிதான் இருந்தது.

இந்தப் படியில் இரண்டு தவறுகள் எல்லோரும் செய்வது. ஒன்று, கும்மிருட்டு. ஒன்றுமே தெரியவில்லை என்றால் விளையாடுபவர் முதலில் மானிட்டர் வெளிச்சத்தைக் கூட்டுவார், பிறகு சலித்துப்போவார். பாதி தெரிய வேண்டும், மீதியை அவர் மனம் நிரப்ப வேண்டும். 1999-இன் 'சைலன்ட் ஹில்' ஊர் முழுக்கப் பனிமூட்டத்தைப் பரப்பியது, அன்றைய பிளேஸ்டேஷனால் தூரத்தில் இருப்பதையெல்லாம் வரைய முடியாத குறையை மூடுவதற்காக. பத்தடிக்கு அப்பால் ஏதோ அசைகிறது, என்னவென்று தெரியவில்லை. அந்தக் குறையே கேமின் அடையாளமாகிவிட்டது. இன்னொரு தவறு, நடக்கும்போது கேமராவை அதிகமாக ஆட்டுவது. அது பயத்தைத் தராது, குமட்டலைத் தரும். அந்தக் கேமரா ஆட்டத்தை நிறுத்திக்கொள்ளும் வசதியை இப்போதே வைத்துவிடுங்கள்.

4. ஒலி (3 வாரம், முடிந்தால் 4)

படம் எதுவும் வரையாத இந்தக் கட்டத்திலேயே ஒலியைத் தொடங்குங்கள். சாம்பல் பெட்டிக் காரிடார் வெறும் சத்தத்தால் பயமுறுத்தவில்லை என்றால், அழகான சுவர் ஒட்டியும் பயமுறுத்தாது. திரை காட்டுவது நமக்கு முன்னால் இருப்பதை மட்டும். முதுகுக்குப் பின்னால் நடப்பதையெல்லாம் காதுதான் சொல்ல வேண்டும். காதுக்கு இமையும் கிடையாது.

முதலில் அறையின் மூச்சைப் பிடியுங்கள். ஃபிரிட்ஜ் உறுமல், டியூப் லைட் இரைச்சல், குழாய்க்குள் காற்று மாதிரி ஏதோ ஒரு தாழ்ந்த ஒலி, காது அதை மறந்துபோகும் வரை சில நிமிடம் ஓடட்டும். பிறகு அதைச் சட்டென்று நிறுத்துங்கள். ஆள் தானாக நின்றுவிடுவார். என் கேமில் இப்படி 4 தடவை நிற்கிறது. அதில் ஒரு தடவைதான் ஏதாவது வரும். மற்ற மூன்றும் அந்த ஒன்றுக்காகக் கொடுத்த வட்டி.

அடுத்து, விளையாடுபவரின் சொந்தக் காலடி. மரத்தரை, ஓடு, ஈரம், மூன்றுக்கும் தனித்தனிச் சத்தம் வேண்டும். அவர் நின்ற பிறகு ஒரு காலடி கூடுதலாகக் கேட்கலாம். முழுக் கேமிலும் ஒரே ஒரு தடவைதான் இதைச் செய்ய வேண்டும். இரண்டாவது தடவை அது கேமில் இருக்கும் பிழை என்று நினைத்துவிடுவார்கள்.

மூன்றாவது, அரைகுறைத் தகவல். 'சைலன்ட் ஹில்' நாயகனின் பையில் ஒரு ரேடியோ உண்டு. ஏதாவது நெருங்கினால் அது கரகரக்கும், எந்தப் பக்கம் என்று சொல்லாது. 2019-இல் புதிதாகச் செய்யப்பட்ட 'ரெசிடென்ட் ஈவில் 2' கேமில் துரத்துபவனின் பூட்ஸ் சத்தம் சுவருக்கு அப்பால், மாடிக்கு மேல் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். வருகிறான் என்பது தெரியும், எந்தக் கதவு வழியாக என்பது தெரியாது. இதைச் செய்ய என்ஜினில் இருக்கும் முப்பரிமாண ஒலி அமைப்பே போதும். நடுவில் சுவர் இருந்தால் ஒலியின் கூர்மையான பகுதியை வெட்டி மந்தமாக்குங்கள், அவ்வளவுதான்.

பின்னணி இசையை எல்லா இடத்திலும் ஓட விடாதீர்கள். இசை நின்றால் ஆபத்து போய்விட்டது என்று பத்தே நிமிடத்தில் கற்றுக்கொள்வார்கள், அப்புறம் உங்கள் இசையே அவர்களுக்குக் காவலாளி. சத்தத்தின் அளவுக்கும் ஒரு உச்சவரம்பு வையுங்கள். பலர் ஹெட்போனில் விளையாடுவார்கள், காதை வலிக்க வைப்பது திறமை இல்லை.

இனி ஆவணம். முதல் நாளிலிருந்தே ஒரு அட்டவணை வைத்திருங்கள்: கோப்பின் பெயர், எங்கிருந்து எடுத்தது, செய்தவர் பெயர், உரிம வகை, இறக்கிய தேதி. ஃப்ரீசவுண்ட் மாதிரித் தளங்களில் இலவசம் என்று இருக்கும் எல்லாமே ஒரே வகை இல்லை. சிசி0 என்ற உரிமம் என்றால் எப்படியும் பயன்படுத்தலாம். சில ஒலிகளுக்குச் செய்தவர் பெயரைப் போட வேண்டும். சிலவற்றை வணிகத்துக்குப் பயன்படுத்தவே கூடாது. நான் அட்டவணை வைக்கவில்லை. வெளியிடுவதற்கு ஒரு மாதம் முன்பு எண்ணிப் பார்த்தால், 37 ஒலிகள் எங்கிருந்து வந்தன என்றே நினைவில்லை. அத்தனையையும் எடுத்துவிட்டு மொபைலை அலமாரித் துணிகளுக்கு நடுவே வைத்து நானே பதிவு செய்தேன். இரண்டு வாரம் போனது. சொல்லப்போனால், ஈரத்துணியைப் பிழிந்து பதிவு செய்தது பழையதைவிட மோசமாக, அதாவது நன்றாக இருந்தது.

5. பேய்க்குச் சட்டம் எழுதுங்கள் (2 வாரம்)

இன்னும் பேய்க்கு உருவம் கிடையாது. ஒரு சாம்பல் உருளையை நடமாட விட்டால் போதும். அது எப்போது வரும், எதைக் கேட்கும், எதைப் பார்க்கும், எப்போது போய்விடும் என்பதுதான் இப்போதைய வேலை.

இதற்குப் படிக்க வேண்டிய கேம் 2014-இன் 'ஏலியன்: ஐசோலேஷன்'. அதில் இரண்டு மூளைகள் வேலை செய்கின்றன. ஒன்றுக்கு நாம் எங்கே இருக்கிறோம் என்பது எப்போதும் தெரியும். ஆனால் அது, நம்மைத் தேடித் திரியும் ஏலியனிடம் "அந்தப் பக்கம் போய்ப் பார்" என்று மட்டும்தான் சொல்லும். கண்ணாலும் காதாலும் நம்மைக் கண்டுபிடிப்பது ஏலியனின் பாடு. நம்மைச் சுற்றியே அது நிறைய நேரம் திரிந்துவிட்டால், முதல் மூளை அதைக் கொஞ்சம் விலக்கி அழைத்துக்கொள்ளும்.

நீங்கள் இவ்வளவு பெரிதாகச் செய்ய வேண்டியதில்லை. திரிவது, சந்தேகப்படுவது, துரத்துவது, விலகுவது என்று நான்கு நிலை வையுங்கள். இதில் விலகுவதை விட்டுவிடாதீர்கள். என் முதல் கேமில் அது இல்லை. பேய் விடாமல் பின்னாலேயே வந்தது. ஐந்து நிமிடத்துக்குப் பிறகு யாருக்கும் பயம் இல்லை, எரிச்சல்தான். மூச்சு இறங்கினால்தான் மறுபடி ஏற்ற முடியும். 3 அல்லது 4 நிமிடம் நெருக்கினால் அடுத்த 2 நிமிடம் ஒன்றுமே நடக்காமல் விடுவது எனக்குச் சரியாக வந்த கணக்கு.

சட்டத்தை எங்கும் எழுதிக் காட்டாதீர்கள். ஆட்கள் தாங்களே ஒன்றை எழுதிக்கொள்வார்கள். சுவரைப் பார்த்தபடி நின்றால் அது வராது என்று ஒரு பெண் உறுதியாக நம்பினார். கேமின் நிரலில் அப்படி ஒரு வரியே இல்லை. கேம் முழுக்கச் சுவரைப் பார்த்து நின்று நின்றே முடித்தார். நான் மறுக்கவில்லை. நான் செய்ததைவிட நல்ல பேயை அவர் செய்துகொண்டிருந்தார்.

சாவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பேயிடம் முதல் தடவை மாட்டும்போது நடுக்கம், இரண்டாவது தடவை கவனம், மூன்றாவது தடவை அது வெறும் தடைக்கல். அதே இடத்தில் திரும்பத் திரும்பச் சாகும்படி வைத்தால் பயம் அங்கேயே செத்துவிடும். பழைய 'ரெசிடென்ட் ஈவில்' கேமைச் சேமிக்கவே மை ரிப்பன் வேண்டும், அதுவும் எண்ணித்தான் கிடைக்கும். அதனால் சேமிக்காமல் கடந்த 20 நிமிட உழைப்பும் பணயத்தில் இருந்தது. இன்றைக்கு அவ்வளவு பொறுமையை எதிர்பார்க்க முடியாது என்பது என் எண்ணம். என் கேமில் மாட்டினால் சாவதில்லை. முதல் அறையில் கண் விழிப்பார்கள், டார்ச்சில் ஒரு பேட்டரி குறைந்திருக்கும், பூட்டி வைத்த ஒரு கதவு திறந்திருக்கும்.

6. திடுக்கிட வைப்பதை எண்ணி வையுங்கள்

திடீரென்று முகம் பாய்ந்து வந்து அலறினால் யாருக்கும் தூக்கிவாரிப் போடும். அது உடம்பின் அனிச்சைச் செயல், காகிதப் பையை ஊதி உடைத்தாலும் வரும். அது பயம் இல்லை. 40 நிமிடத்துக்கு இரண்டு போதும். அதையும் எதிர்பார்க்கும் இடத்தில் வைக்காதீர்கள். நீண்ட காரிடார், மெல்ல ஏறும் இசை, கடைசியில் ஒரு கதவு என்றால் எல்லோரும் தோளை இறுக்கிக்கொண்டு தயாராக இருப்பார்கள். கதவைத் திறந்து, ஒன்றுமில்லை என்று மூச்சை விட்டு, திரும்பி நடக்கத் தொடங்கி நான்கைந்து அடி போகட்டும். அப்போது ஒரு சின்னச் சத்தம் போதும்.

7. டெஸ்டர்களைத் தீக்குச்சி மாதிரிச் செலவழியுங்கள் (5-ஆவது வாரத்திலிருந்து)

உங்கள் கேம் உங்களைப் பயமுறுத்தாது. எந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்தவர் நீங்கள். இரண்டு வாரத்திலேயே உங்கள் தீர்ப்பு செல்லாது. விளையாடிப் பார்த்துச் சொல்ல வேறு ஆள் வேண்டும், அவர்தான் டெஸ்டர். ஆனால் ஒரு ஆள் ஒரே தடவைதான் புதிதாகப் பயப்படுவார். எனக்குக் கிடைத்தது 12 பேர். முதல் பில்டுக்கே, அதாவது கேமின் முதல் ஓடும் பதிப்புக்கே, 7 பேரைக் காலி செய்திருந்தால் அப்புறம் ஆளில்லாமல் நின்றிருப்பேன். சுற்றுக்கு 3 பேர் என்று நான்கு சுற்றாகப் பிரித்துக்கொண்டேன். சாம்பல் பெட்டிக் கட்டத்திலேயே முதல் மூவரைக் கூப்பிட்டேன்.

விளையாடும்போது திரையையும் முகத்தையும் பதிவு செய்யுங்கள், முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொண்டு. கேமில் என்னென்ன வரும் என்பதையும் பொதுவாகச் சொல்லிவிடுங்கள். இதய நோய் உள்ளவரைச் சும்மா சோதித்துப் பார்க்கக் கூடாது. பிறகு வாயை மூடிக்கொண்டு பின்னால் உட்காருங்கள். "அந்தப் பக்கம் போ" என்று ஒரு வார்த்தை சொன்னாலும் அந்த டெஸ்டர் வீண்.

"பயமா இருந்துச்சா?" என்று கேட்காதீர்கள். நண்பர்கள் ஆமாம் என்பார்கள், வீராப்பு பேசுபவர்கள் இல்லை என்பார்கள், இரண்டும் உதவாது. உடம்பைப் பாருங்கள். கதவுக்கு முன்னால் எத்தனை வினாடி நின்றார்? எந்த இடத்தில் பின்னால் திரும்பிப் பார்த்தார்? எங்கே ஓடாமல் ஊர்ந்தார்? எப்போது ஜோக் அடிக்கத் தொடங்கினார்? பேச்சு அதிகமாகிறது என்றால் பயம் வந்துவிட்டது என்று அர்த்தம். பேச்சு நின்றுவிட்டால் ரொம்ப வந்துவிட்டது. என் குறிப்புத்தாளில் மூன்றே பத்திகள்: நிமிடம், இடம், உடம்பு என்ன செய்தது.

இரண்டாவது சுற்றில் மூன்று பேருமே குளியலறையைத் தாண்டும்போது வேகத்தைக் குறைத்தார்கள். அங்கே நான் எதுவுமே வைக்கவில்லை. பதிவைக் கேட்டுப் பார்த்தால், முதல் வாரம் சோதனைக்காக வைத்த குழாய் சொட்டும் சத்தத்தை எடுக்க மறந்திருக்கிறேன். அதுவும் சீராகச் சொட்டாமல், அவ்வப்போது நடுவில் ஒரு சொட்டு தவறிக்கொண்டிருந்தது. பேசாமல் அதை அங்கேயே விட்டுவிட்டு, நான் திட்டமிட்டு வைத்திருந்த இரண்டு பயங்களை நீக்கினேன்.

8. இப்போது பேயைச் செய்யலாம் (4 நாள்)

இந்தக் கட்டத்தில் பேய்க்குத் தேவைப்படுவது ஆச்சரியமாக மிகக் கொஞ்சம். தூரத்தில் இருந்து பார்த்தால் தெரியும் உருவக்கோடு, அதில் ஒரே ஒரு பிசகு: கழுத்து சற்று நீளம், அல்லது நடக்கும்போது தோள் அசையாமல் இருப்பது. முகத்தை வெளிச்சத்தில் காட்டாதீர்கள். தயார் உருவங்களை விற்கும் அசெட் கடையில் பேயை வாங்குவதாக இருந்தால் அப்படியே பயன்படுத்தாதீர்கள். அதே உருவம் வேறு நிறைய கேமில் வந்திருக்கும், "இவனா" என்று அடையாளம் கண்டுகொண்டால் கதை முடிந்தது. வாங்கிய ரசீதையும் உரிமத்தையும் ஒலி அட்டவணையிலேயே சேர்த்துவிடுங்கள்.

9. எச்சரிக்கையும் அமைப்புகளும் (3 நாள்)

தொடக்கத்தில் வெளிச்சத்தைச் சரிசெய்யும் திரை ஒன்று வையுங்கள், "இந்தச் சின்னம் மங்கலாகத் தெரியும் வரை நகர்த்தவும்" என்கிற மாதிரி. இல்லையென்றால் நீங்கள் பார்த்துப் பார்த்து அமைத்த இருட்டு ஒவ்வொரு மானிட்டரிலும் ஒவ்வொரு மாதிரி தெரியும். விளக்கு மின்னும் காட்சிகள் வினாடிக்கு மூன்று மின்னலைத் தாண்ட வேண்டாம், ஒளியால் வலிப்பு வருபவர்கள் இருக்கிறார்கள். சத்தங்களுக்கு எழுத்தில் குறிப்பு காட்டும் வசதியும் வேண்டும். என் கேமே காதை நம்பியது என்பதால் இதில் தயங்கினேன். ஆனால் "எங்கோ மரம் கிறீச்சிடுகிறது" என்று திரையில் எழுத்து வருவது அதன் அளவில் தனிப் பயம் என்று பின்னால்தான் தெரிந்தது.

10. வெளியீட்டுக் காகிதங்கள் (வெளியீட்டுத் தேதிக்கு 3 மாதம் முன்பே தொடங்குங்கள்)

இங்கேதான் பலர் தேதியைத் தவறவிடுகிறார்கள். கேம்களைப் போட்டு விற்கும் இட்ச் தளத்தில் காத்திருப்பு இல்லை, கட்டணமும் இல்லை. விற்பனையில் தளத்துக்கு எவ்வளவு என்பதை நீங்களே முடிவு செய்யலாம், நீங்கள் மாற்றாவிட்டால் 10%. டெமோவை அங்கே போட்டுப் பழகுவது நல்லது.

ஸ்டீம் என்ற பெரிய கேம் கடையில் நிலைமை வேறு. ஒவ்வொரு கேமுக்கும் 100 டாலர் கட்ட வேண்டும். கேம் 1,000 டாலர் ஈட்டினால்தான் அது திரும்பி வரும். சட்டப்படியான பெயர், வங்கிக் கணக்கு, அடையாளச் சான்று மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்க வேண்டும். எனக்கு இனிஷியல் ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால் இருந்ததில் 9 நாள் போனது. அமெரிக்காவுக்கு வெளியே இருக்கும் தனிநபர் வரிப் பகுதியில் டபிள்யூ-8பென் படிவத்தின் விவரங்களை நிரப்ப வேண்டியிருக்கும். உங்கள் நாட்டு வரி எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். வரி ஒப்பந்தச் சலுகை கிடைக்காவிட்டால் அமெரிக்காவில் விற்றதற்கான பங்கில் 30% பிடிப்பார்கள். அது போக, வழக்கமான 30% தளத்தின் பங்கு.

கட்டணம் கட்டிய நாளிலிருந்து 30 நாள் கழித்துத்தான் வெளியிட முடியும். "விரைவில்" என்ற பக்கம் குறைந்தது இரண்டு வாரமாவது பொதுவில் இருக்க வேண்டும். கடைப் பக்கத்தையும் பில்டையும் தனித்தனியாகச் சரிபார்ப்பார்கள், ஒவ்வொன்றுக்கும் 3 முதல் 5 வேலை நாள். ஏதாவது குறை சொல்லித் திருப்பினால் மறுபடி அதே வரிசையில் நிற்க வேண்டும். உள்ளடக்கக் கேள்வித்தாளில் ரத்தம், வன்முறை, தற்கொலை பற்றிய காட்சி எதையும் மறைக்காமல் எழுதுங்கள். செயற்கை நுண்ணறிவால் செய்த படமோ குரலோ இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். ஸ்க்ரீன்ஷாட் குறைந்தது ஐந்து வேண்டும். பேய் தெரியும் படத்தை அதில் போட்டுவிடாதீர்கள், நான் போட்டேன்.

திகில் கேம் செய்பவர்கள் மறந்துவிடக் கூடாத விதி ஒன்று உண்டு. வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். நம் கேமோ 40 நிமிடம். முழுதாக முடித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பவர்கள் இருப்பார்கள். அதற்காக நீட்டி முழக்கி இரண்டு மணி நேரம் ஆக்காதீர்கள், பயம் நீர்த்துப்போகும். விலையைக் குறைவாக வைத்து, எத்தனை நிமிட அனுபவம் என்பதைக் கடைப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். அப்படி எழுதிய பிறகு எனக்குப் புகார்கள் குறைந்தன.

அக்டோபர் கடைசியில் வெளியிடலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். திகிலுக்குக் கூட்டம் வரும் மாதம்தான், பெரிய கேம்களும் அப்போதுதான் வரும். முதல் கேம் என்றால் நான் வேறு ஏதாவது மாதத்தைப் பார்ப்பேன்.

11. வெளியான பிறகு ஒரு வேலை

யாராவது உங்கள் கேமை விளையாடி வீடியோ போட்டால் விமர்சனத்தைப் படிப்பதற்கு முன்னால் அதைப் பாருங்கள். அவர்கள் பார்வையாளர்களுக்காகக் கத்துவார்கள், சிரிப்பார்கள், நாற்காலியில் இருந்து துள்ளுவார்கள். அதையெல்லாம் கணக்கில் எடுக்காதீர்கள். எந்த நிமிடத்தில் பேச்சை மறந்து திரைக்குக் கிட்டே சாய்கிறார்கள் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். என்னிடம் இப்போது அப்படி 9 வீடியோக்களின் குறிப்பு இருக்கிறது. பேய் வரும் 31-ஆவது நிமிடத்தில் ஒருவர்கூட அமைதியாக இல்லை. 12-ஆவது நிமிடத்தில், குளியலறைக்கு வெளியே, ஆறு பேர்.